தொன்மமும் நாட்டார் கதைகளும்: இணைய வகுப்பின் வார இறுதிப் பணிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமது வகுப்பின் பாடங்கள் வார நாட்களில் மாலை நேரத்தில் நடக்கின்றன. சனி, ஞாயிறுக்கு என்று வெள்ளிக்கிழமை மாலை தனியே ஒரு மடல் அனுப்புகிறேன். அந்த மடலைப் பற்றியும் அதிலுள்ள வேலைகளைப் பற்றியும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாம் படிக்கும் கதைகள் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. அந்தச் சீமையில் 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டமும் 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டமும் அடங்கும். குடும்பம் ஒரு மாவட்டத்திலும் குலதெய்வம் இன்னொரு மாவட்டத்திலும் இருப்பது இங்கே சாதாரணம். ஒரு மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை பாதியில் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை மடலில் என்ன இருக்கும்?

அந்த வாரம் படித்த கதையின் இன்னொரு வடிவம் ஒன்று, கேட்பதற்கு ஓர் ஒலிப்பதிவு, செய்வதற்கு ஒரு சிறு வேலை. இவற்றோடு பருவத்துக்கு ஏற்ற செய்தியும் வரும். பங்குனி உத்திரம் நெருங்கும்போது சாஸ்தா கோயில்களைப் பற்றி எழுதுவேன். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அன்றைக்குத் தங்கள் குலசாஸ்தாவைத் தேடி இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், நவராத்திரியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா, ஐப்பசியில் காந்திமதி அம்மன் திருக்கல்யாணம், மார்கழித் திருவாதிரையில் நெல்லையப்பர் கோயிலின் நடராசர் சபையான தாமிரசபை என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

இதைச் செய்வது கட்டாயமா?

இல்லை. மதிப்பெண்ணும் கிடையாது. ஆனால் வார நாட்களில் நான் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் கதை தெரியுமே தவிர, அந்தக் கதை எப்படி உயிரோடு இருக்கிறது என்பது தெரியாது.

புராணம் என்பது எது, நாட்டார் கதை என்பது எது? எப்படிப் பிரித்து அறிவது?

முதல் மாதத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எழுதி வைத்தது புராணம், வாயால் சொல்வது நாட்டார் கதை என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெல்லைக்குள் வந்தவுடனே அந்தப் பிரிவு நிற்காமல் போகிறது.

நெல்லையப்பர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. இறைவனுக்குப் படைக்க வேண்டும் என்று வேதபட்டர் காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் சுவாமி வேலியிட்டுக் காத்தார் என்பது ஒன்று. அரண்மனைக்குப் பால் கொண்டுபோன ராமக்கோன் தினமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தான், கோபத்தில் அங்கிருந்த மூங்கிலை வெட்டினான், வெட்டிய இடத்தில் இரத்தம் வந்தது, அடியில் லிங்கம் இருந்தது என்பது இன்னொன்று. ஒன்று அந்தணர் வீட்டுக் கதை, மற்றது இடையர் வீட்டுக் கதை. இரண்டும் ஒரே தலபுராணத்தின் நிழலில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கம் சுடலைமாடனைப் பாருங்கள். ஊருக்கு வெளியே பீடமாக நிற்கிற காவல் தெய்வம். ஆனால் வில்லுப்பாட்டில் அவர் பிறப்பு கயிலாயத்தில் தொடங்குகிறது. பிள்ளை வரம் கேட்ட பார்வதியின் முந்தானையில் விளக்கின் சுடர் விழுந்து குழந்தையாகிறது. அந்தக் குழந்தை இரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்கிறது. அதனால் பூமிக்கு அனுப்பப்படுகிறது. பிறகு மலையாள நாட்டுக்குப் போய் மந்திரவாதி காளிப் பெரும்புலையனோடு மோதுகிறது. இதைப் புராணம் என்பதா, நாட்டார் கதை என்பதா?

ஆகவே வார இறுதி வேலைகளில் பெயர்ப் பிரிவுக்கு நான் முக்கியத்துவம் தருவதில்லை. யார் சொன்னார், எங்கே சொன்னார், எந்தச் சமயத்தில், எதற்காகச் சொன்னார் என்ற நான்கையும் எழுதச் சொல்கிறேன். இவை இல்லாமல் வரும் கதைச் சுருக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜடாயு ஓரிடத்தில்தானே விழுந்திருக்க முடியும்? ஏன் இத்தனை ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன?

நெல்லைக்குப் பக்கத்தில் அருகன்குளத்தில், தாமிரபரணிக் கரையில் ஜடாயு தீர்த்தம் இருக்கிறது. இராமன் ஜடாயுவுக்கு நீர்க்கடன் செய்தது அங்கேதான் என்பது அந்த ஊர் நம்பிக்கை. வைத்தீஸ்வரன் கோயிலில் ஜடாயு குண்டம் இருக்கிறது. அந்த ஊருக்கே புள்ளிருக்குவேளூர் என்று பெயர். காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்புட்குழியிலும் இதே நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். கேரளத்தில் சடயமங்கலம் பாறை, ஆந்திரத்தில் லேபாக்ஷி.

இவற்றில் எது உண்மை என்று தேடிப் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. ஏன் இந்த ஊருக்கு ஜடாயு தேவைப்பட்டார் என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். அருகன்குளத்தில் ஆறு ஓடுகிறது, படித்துறை இருக்கிறது, மூத்தோருக்கு நீர்க்கடன் செய்ய மக்கள் வருகிறார்கள். தகப்பன் முறையில் இருந்த ஒரு பறவைக்கு மகன் முறையில் இராமன் செய்த கடன், அங்கே தன் தகப்பனுக்குக் கடன் செய்யும் ஒவ்வொருவருக்கும் முன்மாதிரியாகிறது. திருப்புட்குழியில் உள்ளது பெருமாள் கோயில். வைத்தீஸ்வரன் கோயில் நோய் தீர்க்கும் சிவத்தலம். அங்கெல்லாம் அதே பறவைக்கு வேறு வேலை இருக்கக்கூடும். ஐந்து இடங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் மக்கள் என்ன செய்ய வருகிறார்கள் என்று பக்கத்தில் குறிப்பதுதான் அந்த வார வேலை.

ஒரே நிகழ்ச்சி பல கோயில் கதைகளில் வருகிறதே, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்களா?

நெல்லையப்பர் கோயிலில் ராமக்கோன் பால் கொட்டிய கதையை மேலே சொன்னேன். கடற்கரையில் உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலிலும் பால் கொண்டுபோனவர் வேரில் தடுக்கி விழுவதும், வேரை வெட்டியதும் இரத்தம் வருவதும் உண்டு. தமிழ்நாடு முழுவதும் தேடினால் இன்னும் பல கோயில்கள் கிடைக்கும். ஆய்வாளர்கள் இப்படித் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைக் கதைக்கூறு என்று பிரித்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பதைக் காட்டிலும் எனக்குப் பிடித்த கேள்வி வேறு: தெய்வத்தை முதலில் கண்டவன் ஏன் எப்போதும் மாடு மேய்ப்பவனாகவோ பால்காரனாகவோ இருக்கிறான்? அரசன் பிறகுதான் வருகிறான், கோயில் கட்ட. முதல் காயமும் முதல் தரிசனமும் உழைக்கிறவன் கையால் நடக்கின்றன. இந்த வரிசையை உங்கள் ஊர்க் கோயிலில் தேடிப் பாருங்கள்.

வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு நான்கு மணி நேரம் ஓடுகிறது. முழுவதும் கேட்க வேண்டுமா?

ஒரே மூச்சில் வேண்டாம். ஆனால் துண்டு துண்டாகவாவது முழுவதும் கேளுங்கள் என்றே சொல்வேன். காணொளித் தளங்களில் வெட்டிப் போடும் பத்து நிமிடத் துண்டுகளில் சிரிப்புப் பகுதியோ ஆவேசப் பகுதியோ மட்டும் இருக்கும். நடுவே மெதுவாகப் போகும் நாட்டு வளம், பிறந்த வீட்டு விவரம், உறவுமுறைச் சொற்கள் எல்லாம் போய்விடும். கதை வேரூன்றுவது அங்கேதான்.

கேட்கும்போது முதலில் கருவிகளைப் பிரித்து அறியப் பழகுங்கள். மணிகள் கட்டிய நீண்ட வில், அதை அடிக்கும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை. தலைமைப் பாடகர் அண்ணாவி. அவர் ஒரு வரியைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போட்டு அதை மேலே கொண்டுபோவார். பாட்டும் பேச்சும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். பேச்சு எங்கே நிற்கிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கதை தெய்வத்தின் பிறப்பையோ கொலையையோ நெருங்கும்போது பேச்சு குறைந்து, உடுக்கை வேகமெடுத்து, பெண்களின் குரவை எழும். கொடை என்னும் ஊர்க்கோயில் திருவிழாவில் கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுபவருக்கு, அருள் வருவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதியின் வில்லுப்பாட்டுகளை ஆராய்ந்து, தெய்வப் பிறப்பைச் சொல்பவை, அநியாயமாகச் செத்தவர் தெய்வமானதைச் சொல்பவை என்று இரு வகைகளைக் காட்டினார். உங்கள் ஒலிப்பதிவு எந்த வகை என்று முடிவு செய்ய, அண்ணாவி எந்தக் காட்சிக்கு அதிக நேரம் கொடுத்தார் என்று பார்த்தாலே போதும்.

கணியான் கூத்தும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. வில்லுப்பாட்டில் உட்கார்ந்து பாடுகிறார்கள். கணியான் கூத்தில் அண்ணாவி நின்று பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுகிறார்கள். கருவி மகுடம் என்னும் தோல்பறை. உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள், தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டுவார்கள். கணியான் சமூகத்தார் மட்டுமே செய்யும் இந்தக் கலை சுடலைமாடன் கொடையில் தனி இடம் பெற்றது. கணியான் தன் கையைக் கீறி இரத்தத்தைச் சாமிக்குக் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கும் சில இடங்களில் உண்டு. அதைக் காணொளியாக யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். சாமிக்குச் செய்ததை வேடிக்கைக்கு எடுத்துப் பரப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

வார இறுதியில் கொடை பார்க்க ஊருக்குப் போனேன், ஒன்றுமே நடக்கவில்லை. ஏன்?

கொடை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. பெரும்பாலும் செவ்வாயையோ வெள்ளியையோ நடுநாளாக வைத்துத்தான் நடத்துவார்கள். பங்குனிக்குப் பிறகு ஆவணி வரை ஊர்தோறும் நடக்கும். கால்நாட்டு முடிந்து, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை, மஞ்சள் நீராட்டு என்று போகும். முறை ஊருக்கு ஊர் மாறும். வெள்ளிக்கிழமை இரவு விடிய விடிய இருந்துவிட்டு, சனிக்கிழமை தூங்கி எழுந்து குறிப்பு எழுதுவதுதான் நடைமுறையில் சரிவரும்.

அழைப்பு இல்லாமல் கொடைக்குப் போகலாமா? படம் பிடிக்கலாமா?

போகலாம், விருந்தாளியை விரட்டும் ஊர் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் முதலில் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவரைப் பார்த்து, இன்னார், இதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். கொடை, வரிதாரர்கள் வீட்டுக்கு வீடு வரி கொடுத்து நடத்துவது. அவர்கள் பணத்தில், அவர்கள் சாமிக்கு, அவர்கள் செய்வது. நாம் ஓரத்தில் நிற்பவர்கள்.

படத்தைப் பொறுத்தவரை அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சாமியாடுபவர் முகத்துக்கு நேராக வெளிச்சம் அடிக்காதீர்கள். சாமம் கடந்து சுடலையின் அருள் வந்தவர் வேட்டைக்குப் போகும்போது பின்தொடர வேண்டாம். ஊராரே கதவடைத்து உள்ளே இருக்கும் நேரம் அது. அண்ணாவி இடைவேளையில் காப்பி குடிக்கும்போது போய்க் கேளுங்கள், யாரிடம் கற்றார், எந்தெந்தக் கதை பாடுவார் என்று. அந்தக் கால் மணி நேரம் முழு இரவின் காணொளியைக் காட்டிலும் பயன் தரும்.

கதைகளில் சாதி வருகிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் பாடம் நடத்தக் கூடாதா?

தவிர்த்தால் கதையே இருக்காது. முத்துப்பட்டன் கதையை நினைத்துப் பாருங்கள். பிராமணனாகப் பிறந்தவன், வாலப்பகடை என்னும் சக்கிலியரின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். மாமனார் சொன்னபடி பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைத்து மணம் முடிக்கிறான். மாட்டுக் கிடையைக் கொள்ளையிட வந்தவர்களோடு போராடிச் சாகிறான். மனைவியர் இருவரும் உடன் தீப்பாய்கிறார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் இன்றும் வணங்கப்படுகிறான். பக்தர்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். இரவில் அவன் அணிந்து நடப்பதால் அவை தேய்கின்றன என்பது நம்பிக்கை.

அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர் வீட்டில் பிறந்து வாலப்பகடையிடம் வளர்ந்தவர்கள் என்று சொல்லும் வடிவமும் இருக்கிறது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை (1917–1980) இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தவர். பிறப்பை மாற்றுகிற இந்த ஒட்டுவேலையைக் கூர்ந்து பார்க்கச் சொன்னவர். எந்த வடிவம் பழையது என்று வாதாடுவதற்கு முன்னால், அந்த மாற்றம் யாருக்கு நிம்மதி தந்திருக்கும் என்று யோசியுங்கள். சாதியை விலக்கிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு: கதையில் வரும் சாதியைப் பேசலாம், சக மாணவரின் சாதியைக் கேட்கக் கூடாது.

கால்டுவெல் எழுதியதைப் படிக்கலாமா?

படிக்க வேண்டும். கிறித்தவ மதபோதகராக 1841இல் இடையன்குடிக்கு வந்தவர், பல்லாண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தவர். ஆனால் இங்குள்ள வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே பார்த்தார். 1849இல் வந்த அவருடைய நூல் நாடார் சமுதாயத்தாரிடம் பின்னாளில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தக் கோபம் நியாயமானது. இருந்தாலும் பெரிய வில்லில் வரிசையாக மணி கட்டி, வெறும் பித்தளைக் குடத்தின்மேல் சாய்த்து அடிப்பதை அவர் அப்போதே விவரித்திருக்கிறார். வெறுப்போடு பார்த்த கண்ணும் விவரத்தைத் தவறவிடவில்லை. அவர் தீர்ப்பைத் தள்ளிவிட்டு அவர் பார்த்ததை எடுத்துக்கொள்ளும் பயிற்சி அந்த வார வேலை.

நான் இந்து அல்ல. எனக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக. உவரியிலேயே அந்தோணியார் கோயில் இருக்கிறது. கப்பலில் காலரா பரவியபோது தச்சர் ஒருவர் அந்தோணியார் உருவத்தைச் செதுக்க, நோய் தணிந்தது. அந்த உருவத்தைக் கரையில் குடிலமைத்து வைத்தார்கள் என்பது அதன் கதை. கடையம் பக்கம் பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் நேர்ச்சை கொண்டுவருகிறார்கள். உங்கள் வீட்டில் சொல்லப்படும் புனிதர் கதை, அவுலியா (இறைநேசர்) கதை, தேர்த் திருவிழா நினைவு எல்லாம் இந்த வகுப்புக்கு உரியவை. இதுவரை இவை குறைவாகவே வந்திருக்கின்றன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். கள வேலை எப்படிச் செய்வது?

உங்கள் ஆச்சிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நம் குலதெய்வம் எது, எந்த ஊரில் இருக்கிறது, நாம் ஏன் அந்த ஊரைவிட்டு வந்தோம், என்ன படைப்போம், எதைப் படைக்க மாட்டோம்? பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் பீடம் போட்ட கதை பல குடும்பங்களில் இருக்கும். அது உங்கள் குடும்பத்தின் இடப்பெயர்ச்சி வரலாறுதான். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். ஆச்சி சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். கட்டுரை நடைக்கு மாற்றுவது என் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த கதையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். யார் அனுப்பினார், எப்போது, எந்தக் குழுவில் என்பதையும் எழுதுங்கள். அறிவியல் ஆராய்ச்சி நிரூபித்தது என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அடிக்கோடிடுங்கள். கதைக்குப் புதிதாக ஒட்டிய அதிகாரம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஓரிடம் மட்டும் போக முடியும் என்றால் எங்கே?

கிருஷ்ணாபுரம். திருச்செந்தூர்ச் சாலையில், பாளையங்கோட்டையிலிருந்து கொஞ்ச தூரம்தான். வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலத் தூண்களில் கர்ணனும் அர்ச்சுனனும் வீரபத்திரரும் நிற்கிறார்கள்; அதே வரிசையில் இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனும் நிற்கிறான். இதிகாச வீரனுக்கும் மலைக் குறவனுக்கும் சிற்பி ஒரே உயரம் கொடுத்திருக்கிறார். அரைநாள் அங்கே இருந்து அந்த இரண்டு தூண்களை மட்டும் வரைந்து வந்தாலும் போதும்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஆழ்வார்திருநகரிக்குப் போய், நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளியைப் பாருங்கள். சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நெகிழிப் பை கொண்டுபோக வேண்டாம்.

கொலையும் இரத்தமும் உள்ள கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

கிராமத்துக் குழந்தைகள் கொடைப் பந்தலில் பாய் விரித்துக் கேட்டுத்தான் வளர்கிறார்கள், பக்கத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துணையோடு சொல்லுங்கள். திரையில் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

பெரியவர்கள் கதை சொல்ல மறுத்தால்?

வற்புறுத்தக் கூடாது. சில தெய்வங்களின் பெயரை விளக்கு வைத்த பிறகு வீட்டில் சொல்ல மாட்டார்கள். சில கதைகளைக் கோயில் முன்னால் மட்டுமே சொல்வார்கள். மறுத்தார் என்பதையும் அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் எழுதி அனுப்புங்கள், அதுவே அந்த வாரப் பணியாக ஏற்றுக்கொள்ளப்படும். சொன்னவர் பெயரை வெளியிடச் சம்மதமா என்று கேட்டுக் குறிப்பின் மேலே எழுதுங்கள். சம்மதம் இல்லையென்றால் ஊரும் வயதும் மட்டும் போதும். ஞாயிறு இரவுக்குள் வந்தவை திங்கள் வகுப்பில் பேசப்படும். பிந்தி வந்தால் அடுத்த வாரம்.